படிகப் பழுதுகளின் ஒளியைப் பெருக்குதல்

புற ஊதாக் கதிர்களின் கீழ் வைரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவை யாவும் ஒரே வகையாக ஒளிர்வதில்லை என்பது விளங்கும். சில நீலமாக ஒளிரும். சில பசுமையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். சிலவற்றின் ஒளிர்வு கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. பகலொளியில் ஒன்றுபோல் தோன்றும் கற்கள் இருளில் இங்ஙனம் வேறுபடுவது ஏன் என்னும் வினா, 1940-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மிக்க ஊக்கத்துடன் ஆராயப்பட்டது. அங்கே பௌதிகப் பகுதியின் தலைவராயிருந்த சர் சி. வி. இராமன், வைரத்தின்மீது தீராத ஈடுபாடு கொண்டவர். ஏறத்தாழ 300 வைரங்களை அவர் சேர்த்து வைத்திருந்தார்.

அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் அன்னா மாணி. இன்றைய இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்த பீர்மேட்டில் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் பிறந்தவர். அவருடைய குடும்பத்தில் பெண் குழந்தைகளுக்கு எட்டாவது பிறந்த நாளன்று வைரத் தோடு அளிப்பது வழக்கம். அவர் தோட்டை மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டில் ஆராய்ச்சி உதவித் தொகையுடன் பெங்களூர் சென்றபோது, அவர் கையில் கொடுக்கப்பட்டவை வைரங்களே. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வு நிறமாலை, உட்கவர்தல் நிறமாலை, இராமன் நிறமாலை ஆகியவற்றை அவர் பதிவு செய்தார். படிகத்தைத் திரவக் காற்றினால் குளிர்வித்து வைத்து, அதனின்று வரும் மங்கிய ஒளியை நிறமாலைமானியின் வழியே புகைப்படத் தகட்டின்மீது விழச் செய்யவேண்டும். ஒளிர்வு குறைந்த கற்களுக்கு ஒரே தகட்டை 15 முதல் 20 மணி நேரம் வரை திறந்து வைக்க நேர்ந்தது. அவர் பல இரவுகளைச் சோதனைச் சாலையிலேயே கழித்தார்.

1942-க்கும் 1945-க்கும் இடையே இவ்விஷயம் பற்றி ஐந்து கட்டுரைகளைத் தாமே தனித்து எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமது ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்தார். அவர் எம்.எஸ்ஸி. பட்டம் பெறாதவர் என்று காரணம் கூறி, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஏடு இன்றும் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அன்னா மாணி பிற்காலத்தில் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, கருவிகள் செய்வதிலும், சூரியக் கதிர்வீச்சு, காற்றுவிசை ஆகியவற்றை அளப்பதிலும் புகழ் பெற்றார். களப்பணியாளர்கள் அவரை அத்துறையினராகவே அறிந்திருப்பர். அவர் இளமையில் தகடு தகடாகப் பதிவு செய்த அந்த மங்கிய ஒளி, இன்று முற்றிலும் வேறொரு காரணத்துக்காக உலகெங்கும் ஆராயப்பட்டு வருகிறது.

வைரம் ஏன் ஒளிர்கிறது?

வைரத்தின் ஒளிர்வு அதன் இயல்பான கட்டமைப்பினின்றே எழுகிறது என்றும், அணுக்களின் சமச்சீர் அமைப்பில் உள்ள வகை வேறுபாடுகளே கற்களுக்கிடையே காணும் வேறுபாடுகளுக்குக் காரணம் என்றும் இராமன் கருதினார். அசுத்தங்களே காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. இக்கருத்து நிலைபெறவில்லை. பெரும்பாலான இயற்கை வைரங்களில் நைட்ரஜன் கலந்திருக்கிறது என்பதைக் கைசர், பாண்டு என்னும் இருவர் 1959-இல் மெய்ப்பித்தனர். அதன் பின்னர், பெங்களூரில் அளக்கப்பட்ட வரிகள் எவ்வெப் பழுதுகளால் எழுபவை என்பது படிப்படியாகத் தெளிந்தது. விளக்கம் மாறிற்று, அளவைகள் மாறவில்லை. ஏறத்தாழ 415 நானோமீட்டரில் தோன்றும் நீல ஒளி வரி, அணு இல்லாத ஓர் இடத்தைச் சூழ்ந்து மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைவதால் உண்டாவது. 503 நானோமீட்டரில் தோன்றும் பசுமை ஒளி வரி, அத்தகைய காலியிடத்தின் அருகே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அமைவதால் உண்டாவது.

ஒரேயொரு நைட்ரஜன் அணுவும் அதனை ஒட்டி ஒரு காலியிடமும் அமைந்தால் என்ன ஆகும்? அப்போது வைரம் செந்நிறமாக ஒளிர்கிறது. அதன் கூரிய வரி 637 நானோமீட்டரில் உள்ளது. இதனை நைட்ரஜன்-காலியிட மையம் என்பர். இக்கட்டுரையில் சுருக்கமாக 'செம்மையம்' என்று வழங்குவோம். இன்றைய குவாண்டம் தொழில்நுட்பத்தில் மிகுதியாகப் பயன்படும் படிகப் பழுது இதுவே.

வைரம் மின்கடத்தாப் பொருள் என்றே பள்ளிப் பாடங்கள் கூறும். அது தவறன்று. ஆயினும் சிலிக்கானைப் போலவே வைரமும் ஆற்றல் இடைவெளி கொண்ட படிகம், சிலிக்கானில் 1.1 எலெக்ட்ரான் வோல்ட்டாக உள்ள இடைவெளி வைரத்தில் 5.5 எலெக்ட்ரான் வோல்ட்டாக அகன்றிருக்கிறது. ஆகவே அதனை அகன்ற இடைவெளிக் குறைகடத்தி என்று வகைப்படுத்துகின்றனர். இவ்விடைவெளி அகன்றிருப்பதன் நற்பயன், அதனுள் சிக்கிய ஒரு பழுது தன்னந்தனி அணுவைப் போல நடந்துகொள்ள இடம் கிடைப்பதே. சுற்றிலும் கோடானு கோடிக் கார்பன் அணுக்கள் இருப்பினும், அவற்றின் எலெக்ட்ரான்கள் இப்பழுதின் எலெக்ட்ரான்களோடு கலப்பதில்லை.

தற்சுழற்சியை ஒளியால் அறிதல்

செம்மையம் ஓர் எலெக்ட்ரானை மிகையாகப் பெற்று எதிர்மின்னேற்றம் அடைந்த நிலையில், அதில் இணை சேராத இரண்டு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒன்றுகூடி ஒரு சிறு காந்தம்போல் இயங்குகின்றன. இக்காந்தத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: சுழி நிலை ஒன்று, அதற்குச் சற்று மேலே உள்ள இணை நிலைகள் இரண்டு. காந்தப் புலம் இல்லாதபோது இவ்விரண்டும் சுழி நிலையினின்று 2.87 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குரிய ஆற்றலால் பிரிந்திருக்கின்றன. இவ்வதிர்வெண் கொண்ட நுண்ணலையைச் செலுத்தினால் மையம் ஒரு நிலையினின்று மற்றொன்றுக்கு மாறும்.

விந்தை இனிமேல்தான். இம்மையத்தின்மீது பச்சை நிற லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அது கிளர்ச்சியுற்றுச் சிவப்பொளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது; இதற்கு ஏறத்தாழ 12 நானோநொடி ஆகும். சுழி நிலையில் இருந்த மையம் பெரும்பாலும் இவ்வாறே செய்யும். இணை நிலையில் இருந்த மையமோ, பல வேளைகளில் ஒளி உமிழாத பக்க வழி ஒன்றில் இறங்கி, அங்கே சிறிது நேரம் தங்கிவிட்டு, பிறகே கீழே வருகிறது. எனவே இணை நிலையில் உள்ள மையம் ஒளி குன்றித் தோன்றும். இக்குறைவு நூற்றுக்கு முப்பது வரை இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. பக்க வழியாக இறங்கும் மையம் பெரும்பாலும் சுழி நிலையிலேயே வந்து சேர்வதால், பச்சை ஒளியைச் சிறிது நேரம் காட்டினாலே மையம் தொடக்க நிலைக்கு வந்துவிடுகிறது. எழுதுவதும் ஒளியால், படிப்பதும் ஒளியால். இவை யாவும் சாதாரண அறை உஷ்ணநிலையில் நடைபெறுகின்றன என்பதே இம்மையத்தின் தனிச் சிறப்பு. தனியொரு செம்மையத்தை இனங்கண்டு அதன் தற்சுழற்சியை ஒளியால் படித்தது 1997-இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது.

காந்தப் புலத்தில் வைத்தால் இணை நிலைகள் இரண்டும் எதிரெதிராக விலகுகின்றன. மையத்தின் அச்சுத் திசையில் ஒரு மில்லி டெஸ்லாவுக்கு 28 மெகாஹெர்ட்ஸ் வீதம் இவ்விலக்கம் அமையும். பாலக்காட்டுப் பகுதியில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 0.04 மில்லி டெஸ்லா. நமது பகுதி காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே உள்ளது; இங்குச் சரிவு ஊசி கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். மையத்தின் அச்சைத் தென்வடலாகத் திருப்பி வைத்தால் வரி 1.1 மெகாஹெர்ட்ஸ் அளவு நகரும். இது எளிதில் அளக்கக்கூடியதே. வைரத் துகள் ஒன்று திசைகாட்டியாகிவிடுகிறது. அதனினும் பல மடங்கு நுண்ணிய புலங்களை, உயிரணுவின் அருகிலோ மின்சில்லின் மேற்பரப்பிலோ அளக்க வேண்டும் என்னும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. அவ்விடர்ப்பாடு ஒளி பற்றியது.

எண்ணிக்கையின் இடர்ப்பாடு

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழ் வழங்கும் எருத்தேன்பதி என்னும் ஊர் உள்ளது. அங்கே கேரள அரசின் விதைப் பண்ணை ஒன்று நடைபெற்று வருகிறது. விதைப் பண்ணைகளோடு பழகிய களப்பணியாளர்கள், முளைப்புத் திறனைக் கணக்கிட 400 விதைகளை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதை அறிவர். நூறு விதைகளோடு நிறுத்தினால் என்ன? எண்பது விழுக்காடு முளைக்கக்கூடிய குவியலில் நூறு விதைகளை எடுத்துச் சோதித்தால், விடையில் சராசரியாக நான்கு விழுக்காடு கூடியோ குறைந்தோ பிழை நேரும். நானூறு விதைகளை எடுத்தால் பிழை இரண்டு விழுக்காடாகக் குறைகிறது. எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். எண்பத்திரண்டு விழுக்காட்டுக் குவியலையும் எண்பது விழுக்காட்டுக் குவியலையும் வேறு பிரித்துக் காண விரும்புவோர் ஆயிரக்கணக்கில் விதைகளை முளைக்கவிட்டுப் பார்க்கவேண்டியிருக்கும்.

செம்மையத்தைப் படிப்போரின் நிலையும் இதுவே. அவர்கள் எண்ணும் விதை ஒளித்துகள். சாதாரணக் கருவியில், ஒருமுறை படிக்கும்போது உணர்கருவியை வந்தடையும் ஒளித்துகள் ஒன்றுகூட இல்லை. நூறு முறை படித்தால் பிரகாச நிலைக்கு மூன்று துகள்களும், மங்கிய நிலைக்கு இரண்டு துகள்களும் கிடைக்கலாம். இவ்விரண்டையும் ஐயமின்றி வேறுபடுத்தி, வேறுபாடு பிழையைக் காட்டிலும் பத்து மடங்கு இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தால், ஏறத்தாழ 30,000 முறைக்கு மேல் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கிடைக்கும் ஒளி பத்து மடங்கானால், அதே நம்பிக்கையை மூவாயிரம் சொச்சம் முறைகளிலேயே பெறலாம். அன்னா மாணி தகட்டைப் பதினைந்து மணி நேரம் திறந்து வைக்கவேண்டியிருந்ததும் இக்கணக்கின் காரணமாகவே. கருவிகள் மாறின; ஒளித்துகள்களுக்காகக் காத்திருக்கும் வேலை மாறவில்லை.

இத்தனைக்கும் செம்மையம் கஞ்சத்தனமானதன்று. 12 நானோநொடிக்கு ஒரு துகள் என்றால், நொடிக்குப் பல கோடித் துகள்களை அதனால் உமிழ முடியும். கருவியில் பதிவாவதோ நொடிக்கு ஒரு லட்சத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. எஞ்சியது எங்கே போகிறது?

ஒளி சிறைப்படுதல்

பெரும்பகுதி வைரத்துக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4. அடர்ந்த ஊடகத்தினின்று காற்றுக்கு வெளிவரும் ஒளி, ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுவதும் உள்ளே திரும்பிவிடும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. கண்ணாடிக்கு 42 பாகையாக உள்ள இம்மாறுநிலைக் கோணம், வைரத்துக்கு 25 பாகைக்கும் சற்றுக் குறைவு. பட்டை தீட்டிய கல் மின்னுவதற்கு இதுவே காரணம். நகைக்கு அழகு தரும் இந்தப் பண்பே சோதனையாளருக்குத் தொல்லை. எல்லாத் திசைகளிலும் சமமாக உமிழப்படும் ஒளியில், தட்டையான ஒரு முகத்தின் வழியே வெளியேறுவது நூற்றுக்கு நான்கு பங்கே.

இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். கடைகளில் கிடைக்கும் ஒளிரும் வண்ணப் பிளாஸ்டிக் தகடு அல்லது அளவுகோல் ஒன்றை வெயிலில் பிடித்தால், அதன் அகன்ற முகங்கள் சாதாரணமாகத் தோன்ற, ஓரங்கள் மட்டும் தீப்பற்றியது போல ஒளிரும். தகட்டினுள் பிறந்த ஒளியில் நான்கில் மூன்று பங்கு முகங்களில் மோதி மோதித் திரும்பி, கடைசியில் ஓரத்தின் வழியே வெளியேறுவதே இதற்குக் காரணம். முகத்தின்மீது ஊசியால் ஒரு கோடு கீறினால், அக்கோடும் பளிச்சென ஒளிரும். கீறிய இடத்தில் சிறைக் கதவு திறந்துவிட்டது. படிகப் பழுதுகளின் ஒளியை வெளிக்கொணரக் கையாளப்படும் முதல்வகை முறைகள் யாவும் இந்த ஊசிக் கீறலின் நுணுக்கமான வடிவங்களே.

அவற்றுள் ஒன்று, செம்மையம் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, அதனை மையப் புள்ளியாகக் கொண்டு வைரத்தின் மேற்பரப்பை அரைக்கோளமாகச் செதுக்குவது. மையத்திலிருந்து புறப்படும் கதிர் எத்திசையில் சென்றாலும் அரைக்கோளப் பரப்பைச் செங்குத்தாகவே சந்திக்கும், ஆகவே திரும்புவதில்லை. சில மைக்ரோமீட்டர் அளவேயான இக்குமிழை அயனிக் கற்றையால் செதுக்குகின்றனர். மற்றொன்று, வைரப் பரப்பை அரித்து நுண்ணிய தூண்களாக நிறுத்துவது. தூணுக்குள் உள்ள மையத்தின் ஒளி, குழாயில் செல்லும் நீர்போல மேல்நோக்கி வழிகாட்டப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தார் 2010-இல் இம்முறையால் பத்து மடங்கு மிகுதியான ஒளியைப் பெற்றனர். மூன்றாவதாக, மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாகப் பள்ளங்களை அரித்து, பக்கவாட்டில் ஓடும் ஒளியை மேலே திருப்பிவிடும் முறையும் உண்டு. இதனால் ஒரு மையத்தினின்று நொடிக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட துகள்கள் பதிவாயின.

உமிழ்தலையே மாற்றுதல்

மேற்கூறியவை யாவும் உமிழப்பட்ட ஒளியைத் திரட்டும் உபாயங்கள். உமிழ்தலையே மாற்றியமைக்க முடியுமா? முடியும் என்பதை எட்வர்டு பர்செல் 1946-இலேயே எடுத்துக் காட்டினார். கிளர்ச்சியுற்ற அணு ஒளியை உமிழும் வேகம் அவ்வணுவை மட்டும் பொறுத்ததன்று; அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது. வெறும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் நாதம் மெலிதாக எழுந்து நெடுநேரம் நிற்கும். அதே தந்தியை வீணையின் குடத்தின்மேல் கட்டினால் நாதம் ஓங்கி எழும், விரைவில் ஓயும். குடம் புதிதாக ஆற்றலைத் தருவதில்லை. தந்தியின் ஆற்றலைக் காற்றுக்கு விரைவாக எடுத்துக் கொடுக்கிறது. ஒளிக்கு அத்தகைய குடம் எது? எதிரெதிராக வைத்த இரு ஆடிகளுக்கு இடைப்பட்ட வெளியோ, வரிசையாகத் துளையிட்ட வைரத் தகடோ அதுவாகலாம். அதன் கனஅளவு ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க சிறுமை உடையதாயும், அதனுள் ஒளி நெடுநேரம் ஒலித்து நிற்பதாயும் இருந்தால் பயன் மிகும்.

செம்மையத்துக்கு இம்முறை தேவைப்படுவதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. அது உமிழும் ஒளியில் பெரும்பகுதி படிக அணுக்களின் அதிர்வோடு ஆற்றலைப் பகிர்ந்துகொண்டு, 650 முதல் 800 நானோமீட்டர் வரை சிதறிவிடுகிறது. 637 நானோமீட்டரில் கூரிய வரியாக வெளிவருவது நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. காந்தப் புலத்தை அளப்பவர்க்கு இதனால் கேடில்லை. எந்த அலைநீளத் துகளாயினும் அவர் எண்ணிக்கொள்வார். இரு வேறு இடங்களில் உள்ள மையங்களைப் பிணைத்துக் குவாண்டம் வலை பின்ன விரும்புவோர்க்கோ, ஒன்றையொன்று வேறு பிரித்தறிய இயலாத துகள்கள் வேண்டும். கூரிய வரியினின்று வருவன மட்டுமே அத்தகையவை. மற்றவை அவர்க்குக் குப்பையே.

இதன் விளைவு 2015-இல் நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்டு நகரில் நிகழ்ந்த புகழ்பெற்ற சோதனையில் வெளிப்பட்டது. 1.3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரு வைரங்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பிணைத்து, குவாண்டம் கொள்கையைப் பற்றி ஜான் பெல் வகுத்த சோதனையை ஓட்டைகள் இன்றி நிறைவேற்றினர். வைரங்களில் அரைக்கோளக் குமிழ்கள் செதுக்கப்பட்டிருந்தன. மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையும் காக்கப்பட்டது. இருந்தும் 220 மணி நேரத்தில் கிடைத்த வெற்றிகள் 245. அதாவது மணிக்கு ஒன்றுக்குச் சற்று மிகுதி. இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு துகள் வந்து சேர்ந்தால்தான் வெற்றி என்பதால், ஒரு முனையில் நூறு முயற்சிக்கு ஒன்று பலித்தால், இரண்டும் சேர்ந்து பலிப்பது பதினாயிரத்துக்கு ஒன்றே. மறுபுறம், ஒளியைத் திரட்டும் திறன் இரு முனைகளிலும் பத்து மடங்கானால் வெற்றி நூறு மடங்காகும். ஆகவேதான் ஒளியைப் பெருக்கும் வேலை இத்துறையில் ஒரு துணை வேலையாகக் கருதப்படாமல், மற்ற வேலைகள் காத்து நிற்கும் தலைவாசலாக உள்ளது.

துளையிட்ட வைரத் தகட்டில் கூரிய வரியின் உமிழ்வை எழுபது மடங்கு விரைவுபடுத்தியதாக 2012-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரித்தெடுத்த பரப்புகளின் அருகே செம்மையத்தின் வரி நிலையாக நிற்காமல் அலைபாய்கிறது. பரப்பில் ஒட்டிய மின்னேற்றங்கள் அதனைக் குலைக்கின்றன. இக்குறையைத் தவிர்க்கச் சிலர் மையத்தையே மாற்றினர். நைட்ரஜனுக்குப் பதிலாகச் சிலிக்கான் அணு அமர்ந்த மையம், 738 நானோமீட்டர்க் கூரிய வரியில் நூற்றுக்கு எழுபது பங்கு ஒளியை உமிழ்கிறது. அது இரு காலியிடங்களுக்கு நடுவே சமச்சீராக அமர்ந்திருப்பதால் அண்டை மின்னேற்றங்களால் எளிதில் கலங்குவதில்லை. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் இத்தகைய இரு மையங்களைப் பாஸ்டன் நகரின் தரையடியில் செல்லும் 35 கிலோமீட்டர்க் கண்ணாடி இழையின் வழியே பிணைத்ததை 2024-இல் வெளியிட்டனர். இதற்கும் விலை உண்டு: இம்மையத்தின் தற்சுழற்சி நிலைத்திருக்கத் தனிச்சுழிக்கு மேலே ஒரு கெல்வினில் பத்திலொரு பங்கு வரை குளிர்விக்கவேண்டும். செம்மையமோ அறை உஷ்ணநிலையிலேயே பணி செய்வது. களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கருவிக்கு அத்தகைய குளிர்ப்பொறி ஒவ்வாது.

வேறு படிகங்கள்

சாணைக்கல்லின் மூலப்பொருளாகிய சிலிக்கான் கார்பைடு இத்துறையில் வைரத்துக்குப் போட்டியாக வந்துள்ளது. கார்போரண்டம் என்னும் பெயரால் பட்டறைகளில் அறியப்படும் இப்பொருள், தூய ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட்டு மின்னாற்றல் கருவிகளில் பயன்படுவதால், பெரிய தகடுகளாகக் கிடைக்கிறது. இதில் ஒரு சிலிக்கான் அணு இல்லாத இடமோ, அடுத்தடுத்த இரு காலியிடங்களோ தற்சுழற்சி மையங்களாகின்றன. பின்னதை அறை உஷ்ணநிலையில் கட்டுப்படுத்த இயலும் என்பது 2011-இல் தெரிந்தது. இவை உமிழும் ஒளி அகச்சிவப்புப் பகுதியில் உள்ளது. கண்ணாடி இழையில் செம்மையத்தின் ஒளியைவிடக் குறைந்த இழப்புடன் செல்லும்.

மற்றொன்று போரான் நைட்ரைடு. கரிமப் பென்சில் முனைபோல ஏடு ஏடாகப் பிரியும் இப்படிகத்தில், போரான் அணு நீங்கிய இடம் தற்சுழற்சி மையமாக இயங்குவது 2020-இல் வெளியாயிற்று. சில அணுக்கள் தடிமனே உள்ள ஏட்டை, அளக்கவேண்டிய பொருளின்மீது நேரே ஒட்டி வைத்துவிடலாம் என்பது இதன் பெரும் நன்மை. ஆனால் இம்மையம் மிகவும் மங்கலானது. கிளர்ச்சியுற்றவற்றுள் மிகச் சிலவே ஒளியை உமிழ்கின்றன. இங்குதான் பர்செலின் கொள்கை நல்ல பயன் அளித்தது. பர்டியூ பல்கலைக் கழகத்தார், போரான் நைட்ரைடு ஏட்டை ஓர் உலோகப் படலத்துக்கும் அதன்மேல் அமர்த்திய வெள்ளி நுண்கட்டிக்கும் இடையே வைத்தனர். உலோகப் பரப்பின் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால், அக்குறுகிய இடைவெளியில் மின்புலம் செறிகிறது. மையத்தினின்று கிடைத்த ஒளி 250 மடங்கு வரை உயர்ந்ததாக 2022-இல் அவர்கள் தெரிவித்தனர். தொடக்கத்தில் ஒளி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு இம்முறையின் ஆதாயம் பெரிது. ஏற்கெனவே நன்கு உமிழும் மையத்துக்கு இத்தகைய எண்களை எதிர்பார்க்கலாகாது. செய்தித்தாள்களில் வெளிவரும் 'இத்தனை மடங்கு' என்னும் கூற்றுகளைப் படிப்போர், எதனைவிட இத்தனை மடங்கு என்று கேட்டுக்கொள்வது நலம்.

ஒளி மட்டும் போதுமா?

போதாது. உலோகம் மையத்துக்கு மிக அண்மையில் வந்தால், ஒளியாக வரவேண்டிய ஆற்றலை அதுவே வெப்பமாக்கி விழுங்கிவிடும். சில நானோமீட்டர் இடைவெளி கூடுவதும் குறைவதும் ஆதாயத்தை இழப்பாக மாற்றும். அன்றியும், செம்மையத்தின் இரு நிலைகளை வேறுபடுத்திக் காட்டுவது ஒளி உமிழும் வழிக்கும் பக்க வழிக்கும் இடையே நிகழும் போட்டி. உமிழ்தலை மிக விரைவுபடுத்தினால், இணை நிலையில் உள்ள மையமும் பக்க வழியில் இறங்க நேரமின்றி ஒளியையே உமிழும். அப்போது மையம் பிரகாசமாகும்; நிலைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மங்கும். பிழையைக் குறைப்பதில் ஒளியின் அளவு இருமடி மூலமாகவே உதவுகிறது. வேறுபாடோ நேராகவே உதவுகிறது. ஆகவே ஒளி நான்கு மடங்காகி வேறுபாடு பாதியானால் ஆதாயம் ஏதுமில்லை.

மூன்றாவது இடர் ஆழத்தைப் பற்றியது. அளக்கவேண்டிய பொருளுக்கு அருகிலும், நுண்தூண் முதலிய அமைப்புகளுக்குள்ளும் இருக்க, மையம் பரப்பினின்று சில நானோமீட்டர் ஆழத்திலேயே அமையவேண்டும். அங்கோ தற்சுழற்சி நெடுநேரம் ஒழுங்காக நிற்பதில்லை. படிகத்தின் உட்புறத்தில், அணுநிறை 13 உடைய கார்பனை நீக்கித் தூய்மைப்படுத்திய வைரத்தில், அது 1.8 மில்லிநொடி நிலைத்ததைக் கோபாலகிருஷ்ணன் பாலசுப்பிரமணியன் முதலானோர் 2009-இல் கண்டனர். இயற்கைக் கார்பனில் அந்த ஐசோடோப்பு நூற்றுக்கு 1.1 பங்கே, அதுவும் ஒரு சிறு காந்தமாக இருந்து இடையூறு செய்கிறது. பரப்பின் அருகே இக்காலம் பல மடங்கு குறைந்துவிடும். மேலும் அங்கே மையம் தன் மிகை எலெக்ட்ரானை இழந்து, மின்னேற்றமற்ற வேறொரு மையமாகிவிடுவதும் உண்டு. அந்நிலையில் அது 575 நானோமீட்டரில் ஒளிரும், ஆனால் தற்சுழற்சியைச் சொல்லாது. வைரப் பரப்பை அமிலங்களால் கழுவி ஆக்ஸிஜன் அணுக்களால் மூடினால் எதிர்மின்னேற்றம் ஓரளவு காக்கப்படுகிறது. ஒளியியலாரும் பரப்பு இரசாயனம் அறிந்தோரும் சேர்ந்து உழைத்தாலன்றி இவ்வேலை நடவாது.

நமது நாட்டில்

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இதன்கீழ்க் குவாண்டம் செய்தித் தொடர்புக்கான மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், நுண் அளவைகளுக்கான மையம் பம்பாய்க் கழகத்திலும் அமைந்துள்ளன. பம்பாய்க் கழகத்தில் செம்மையங்கள் செறிந்த வைரத் தகட்டைக் கொண்டு காந்தப் புலங்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி உருவாக்கப்பட்டுள்ளது. இங்கு மையங்களைத் தனித்தனியே எண்ணாமல் கூட்டமாகவே பயன்படுத்துகின்றனர். கூட்டத்தில் ஒளிக்குக் குறைவில்லை எனினும், அதில் பெரும்பங்கு தகட்டுக்குள் சிறைப்பட்டு ஓரங்களுக்கு ஓடிவிடுவது முன்கூறிய பிளாஸ்டிக் தகட்டில் போலவே நிகழ்கிறது. எனவே ஓரங்களில் உணர்கருவிகளை வைத்தும் ஒளியைத் திரட்டும் முறையை உலகில் பலர் கையாண்டுள்ளனர்.

மூலப்பொருளாகிய வைரத்தை நாமே வளர்த்துக்கொள்ளும் முயற்சியும் நடைபெறுகிறது. 2023-இல் சென்னைக் கழகத்தில் ஆய்வக வைரங்களுக்கான இந்திய மையம், ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பெற்றது. மீத்தேன், ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களை நுண்ணலையால் பிளாஸ்மா நிலைக்குக் கொணர்ந்து, சிறிய வைர வித்தின்மீது கார்பன் அணுக்களை அடுக்கடுக்காகப் படியவிடுவது ஒரு முறை. நகைக்கான கல்லில் நைட்ரஜன் எவ்வளவு குறைந்தால் அவ்வளவு மதிப்பு. அளவைக் கருவிக்கு வேண்டிய தகட்டிலோ, பத்து லட்சம் கார்பன் அணுக்களுக்குச் சில நைட்ரஜன் அணுக்கள் வீதம் வேண்டுமென்றே சேர்க்கின்றனர். பிறகு எலெக்ட்ரான் கற்றையால் தாக்கிக் காலியிடங்களை உண்டாக்கி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சூடேற்றுகின்றனர். அவ்வெப்பத்தில் காலியிடங்கள் படிகத்துக்குள் அலைந்து நைட்ரஜன் அணுக்களை அடைந்து தங்குகின்றன. நைட்ரஜன் மிகுந்தால் மையங்கள் பெருகும், ஒளி பெருகும், ஆனால் மையமாக மாறாது எஞ்சிய நைட்ரஜன் அணுக்களும் சிறு காந்தங்களாயிருந்து தற்சுழற்சியைக் குலைக்கும். எனவே தகடு வளர்ப்போர் ஒவ்வொரு பயனுக்கும் ஏற்ற நைட்ரஜன் அளவைத் தனித்தனியே முடிவு செய்யவேண்டியுள்ளது.